அம்பாசடர் எந்த வழியாக மூச்சு விடுகிறது?

புதுப்பித்த அம்பாசடரைப் பார்க்கப் போகிறவர்கள் பெயின்டைத் தடவி, பம்பரில் முகம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பெயின்ட் காசுக்குக் கிடைக்கும். வேலை தெரிந்தவர் கைபட்ட வண்டிதானா என்பது, பானெட்டைத் திறந்து என்ஜின் மூச்சு விடும் வழியைத் தேடினால்தான் தெரியும். அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் என்ஜின் பிரிட்டனின் பிஎம்சி ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. எந்த என்ஜினிலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். ஒர்க்‌ஷாப்பில் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பது இதைத்தான். அதை வெளியேற்றும் குழாய்தான் பிரீதர்.

பிஸ்டன் இறங்கும்போது கீழே இருக்கும் காற்றைத் தள்ளுகிறது, இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். திருவொற்றியூரில் செய்த 346 சிசி புல்லட்டுக்கு அது பொருந்தும். ஒற்றை சிலிண்டர் என்பதால் ஒவ்வொரு இறக்கத்திலும் காற்று வெளியே வந்தாக வேண்டும். அதன் பிரீதரில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் துண்டு இருப்பது அதற்காகத்தான்: வெளியே விடும், உள்ளே விடாது. அம்பாசடரிலோ இரண்டு பிஸ்டன் இறங்கும்போது மற்ற இரண்டு ஏறுகின்றன. கணக்கு ஏறத்தாழ நேராகிவிடுகிறது. ஆகவே பிரீதரில் வருவது பெரும்பாலும் ரிங்கைத் தாண்டி வந்த வாயு. சூடான என்ஜின் ஐடிலில் ஓடும்போது மெல்லிய ஆவி வந்தால் பயமில்லை. குபுகுபுவென்று புகை தள்ளினால், மேலே எவ்வளவு பளபளத்தாலும் ரிங், போர் வேலை பாக்கி இருக்கிறது.

என்ஜின் பக்கவாட்டில், டேப்பட் கவரிலிருந்து வண்டிக்கு அடியில் இறங்கும் பழைய பாணிக் குழாயை, ஓட்டத்தில் அடிக்கும் காற்றுதான் உறிஞ்சுகிறது. திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலையில் போகும்போது நன்றாக இழுக்கும். விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் இழுக்காது. அங்கே அழுத்தம் தேங்கினால் ஆயில் கசியும். காரணம், இந்த என்ஜினின் பழைய வடிவத்தில் கிராங்க்‌ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. அங்கே வெட்டியிருக்கும் மரை, சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பிவிடும். அழுத்தம் கூடினால் மரை தோற்கும். அசிங்கமாக இருக்கிறதென்று குழாயை அடைத்துவிட்டு, ஒழுகுகிறதென்று கியர்பாக்ஸை இறக்குவது தண்டச் செலவு. சரி, புகையைத் தெருவில் விடலாமா? கூடாதுதான். 1960களின் தொடக்கத்திலேயே அமெரிக்கக் கார்களில் அதை ஒரு வால்வு வழியாக இன்டேக்குக்குத் திருப்பிவிட்டார்கள். அம்பாசடரில் அப்படி மாற்றியிருந்தால், கழற்றிப் பழையபடி ஆக்க முடிகிற மாற்றமாக இருக்கும்வரை, நான் முகம் சுளிக்க மாட்டேன்.

இனிப் பெயர் தெரியாத பாகங்கள். இவையெல்லாம் முந்தைய மெக்கானிக்குகள் ஒட்டவைத்தவை, தூக்கிப் போடலாம் என்று ஒரு வாதம் உண்டு. புதுப்பேட்டைப் பழைய சாமான் ஏறாத வண்டி அபூர்வம் என்பதால், அதில் பாதி உண்மைதான். மறு பாதியைப் பிரித்தறிய, பாகம் பொருந்தியிருக்கும் ஓட்டையைப் பாருங்கள். வார்ப்பிலேயே சுற்றிலும் மேடு விட்டிருந்தால் அது பெரும்பாலும் கம்பெனி ஓட்டை. வெறும் சுவரில் டிரில் போட்டிருந்தால் பின்னால் வந்தது. அம்பாசடர் பிறந்த மாரிஸ் வம்சத்துக் கார்கள் பலவற்றில் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு ஸ்பிளிட் பின் எதையும் பிடிக்காமல் தொங்கும். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று பிடுங்கிவிடுவார்கள். அது தொங்குவது கசிந்த ஆயில் வடியும் ஓட்டையில். வண்டி அதிரும்போது பின்னும் ஆடி, அழுக்கு அடைக்காமல் பார்த்துக்கொள்கிறது. அடைத்தால் ஆயில் தேங்கிக் கிளட்ச் பிளேட்டில் ஏறும். அடுத்த அம்பாசடரைப் பார்க்கும்போது கொஞ்சம் குனிந்து, அந்தப் பின் இருக்கிறதா என்று பாருங்கள்.