ஸ்பார்க் பிளக் துளை வழியே ஒரு நற்சான்று

பழைய கார் விற்பவர்களிடையே ஒரு புது வழக்கம் பரவியிருக்கிறது. வண்டியின் படங்களோடு, இருட்டுக்குள் வெள்ளை விளக்கடிக்கும் ஒரு குட்டிக் காணொளியையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே மலிவான எண்டோஸ்கோப் கேமராவை இறக்கி எடுத்தது அது. பிஸ்டன் தலை தெரியும். சிலிண்டர் சுவரில் ஒரு துண்டு தெரியும். போர், அதாவது சிலிண்டரின் உட்புறம், சுத்தமாக இருக்கிறது என்று விற்பவர் சொல்லிவிடுவார். இன்ஜினைப் பிரிக்காமலே உள்ளே பார்த்தாயிற்று, இனி வாங்குபவருக்கு என்ன பயம் என்பது இதை ஆதரிப்பவர்களின் வாதம்.

கருவியின் பயனை யாரும் மறுக்க முடியாது. பிளக் துளை பல கார்களில் 14 மி.மீ.; கேமரா முனை 5.5 அல்லது 8 மி.மீ.தான். உள்ளே விழுந்த வாஷரைத் தேடலாம், பிஸ்டனில் வால்வு மோதிய தழும்பைப் பார்க்கலாம். கூலன்ட் கசியும் சிலிண்டரில் பிஸ்டன் தலை மட்டும் கரியில்லாமல், கழுவித் துடைத்ததுபோல் பளிச்சென்று இருக்கும். ஹெட்டைக் கழற்றாமல் இதைக் கண்டுபிடிப்பது பெரிய லாபம்.

கேமராவில் கோளாறு தெரிந்தால், அது இருக்கிறது. தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று எழுதிக் கொடுப்பதுதான் தவறு.

போர்ஷேயின் எம்96 இன்ஜினைப் பாருங்கள். 1990-களின் பிற்பகுதியில் வந்த பாக்ஸ்டரிலும் 996 வகை 911 காரிலும் இருந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் இது. பிஸ்டன் உரசி சிலிண்டர் சுவர் கீறிப்போவது இதன் பேர்போன நோய். பின்னால் வந்த எம்97-ஐயும் அது விடவில்லை. கீறல் பெரும்பாலும் சிலிண்டரின் அடிப்பகுதியில்தான் தொடங்குகிறது. பிளக் துளை இருப்பதோ எதிர்முனையில். பிஸ்டனைக் கடைசிவரை கீழே இறக்கி நிறுத்தினாலும், அந்த அடிப்பகுதியைப் பிஸ்டனே மறைத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் இந்த இன்ஜினோடு பழகியவர்கள் ஆயில் சம்பைக் கழற்றி, பிஸ்டனை மேலே ஏற்றி, கீழிருந்து கேமராவை விடச் சொல்கிறார்கள். பிளக் துளை வழியே எடுத்த காணொளி நோய் முற்றும்வரை நல்ல சேதியே சொல்லிக்கொண்டிருக்கும். அதை நம்பி வாங்கியவர் தலையில் இன்ஜினைப் பிரித்துக் கட்டும் செலவு விழும்.

தெரிகிற பகுதியைப் பற்றியாவது உறுதியாகச் சொல்ல முடியுமா என்றால், அதுவும் முடியாது. மலிவுக் கேமராவின் ஃபோகஸ் ஒரே தூரத்தில் நிலைத்தது. விளக்கு முனையைச் சுற்றியே இருக்கிறது. பளபளக்கும் சுவரில் வழிந்த எண்ணெய்க் கோடு கீறல்போல மின்னும். கேமராவைச் சற்றே திருப்பினால் உண்மையான கீறல் வெளிச்சத்தில் மறைந்துபோகும். கழற்றி வைத்த சிலிண்டர் என்றால் நகத்தை ஓட்டிப் பார்த்துப் பள்ளம் தட்டுப்படுகிறதா என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். திரையில் அது நடக்காது. விமான டர்பைன்களுக்கென்று ஆழத்தை அளந்து சொல்லும் போர்ஸ்கோப் எனும் உட்புறக் கேமராக்கள் இருக்கின்றன, அவற்றின் விலை பல லட்சம். தவறு எதிர்த்திசையிலும் நேர்கிறது. வார்ப்பிரும்புச் சுவரில் தெரியும் ஹோனிங் குறுக்குக்கோடுகள் அலுமினியம்-சிலிக்கான் சுவரில் அப்படித் தெரிவதில்லை. இரும்பையே பார்த்துப் பழகிய கண், நல்ல போரையும் தேய்ந்தது என்று தள்ளிவிடும்.

சிறு விமான இன்ஜின்களில் இதே முறை ஏற்கப்பட்டிருக்கிறதே என்று ஆதரவாளர்கள் கேட்பார்கள். உண்மைதான். கான்டினென்டல் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட எஸ்பி03-3 என்ற சர்வீஸ் புல்லட்டின் போர்ஸ்கோப் சோதனையை வலியுறுத்தியது. ஆனால் அழுத்தச் சோதனையோடு சேர்த்தே வலியுறுத்தியது. சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, எவ்வளவு கசிகிறது என்று அளந்தாக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பார்ப்பதால் போன வருடப் படத்தோடு இந்த வருடப் படத்தை ஒப்பிடவும் முடிகிறது.

கார் விற்பனையில் அந்தப் பாதி ஆய்வைக் கழற்றி எறிந்துவிட்டு, படத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிஸ்டன் ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் கேமராவுக்கு அது தெரியவே தெரியாது. லீக்-டவுன் டெஸ்ட் எனும் அந்த அழுத்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும்: காற்று ஆயில் மூடி வழியே சீறினால் ரிங், சைலன்சர் வழியே என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட். அதற்கு ஒரு கம்ப்ரஸரும் மீட்டரும் போதும். அதைச் செய்யாமல் படம் மட்டும் எடுத்துக் கொடுப்பதை ஆய்வு என்று அழைப்பதே வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். எந்த சிலிண்டர் என்றுகூடப் பல காணொளிகளில் சொல்வதில்லை. ஆறில் நல்லது ஒன்றை மட்டும் காட்டினாலும் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

எம்96 வண்டிக்கு இப்படியொரு காணொளியைக் காட்டி யாராவது விலை ஏற்றினால், ஆறு சிலிண்டருக்கும் லீக்-டவுன் எண்களைக் கேட்க வேண்டும். சம்பைக் கழற்றிக் கீழிருந்தும் பார்க்கச் சொல்ல வேண்டும். விற்பவர் மறுத்தால், இன்ஜினைப் பிரித்துக் கட்டும் செலவை விலையில் கழித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.