ரேடார் குழாயைக் காண்கிறதா?

ஐயப்பன்தாங்கல் வழியே சென்ற வாசகர்கள், மெட்ரோ ரயில் தூண்களுக்காகப் பூந்தமல்லி சாலை தோண்டப்பட்டதைக் கண்டிருப்பார்கள். இத்தகைய இடங்களில் புதைந்துள்ள குழாய்களையும் மின்வடங்களையும் தரை ஊடுருவும் ரேடார் ‘படம் பிடித்துக் காட்டும்’ என்று செய்திக் கட்டுரைகள் சில கூறுகின்றன. இது பிழை. கருவி அளப்பது, ரேடியோ அலை எதிரொளித்துத் திரும்பும் நேரத்தையும் அதன் வலிமையையும்தான். ஆழத்தை நாம்தான் கணக்கிடுகிறோம். அதற்கு மண்ணில் அலையின் வேகம் தெரிய வேண்டும். அலை திரும்ப 20 நானோ வினாடி ஆனால், உலர்ந்த மணலில் ஆழம் சுமார் 1.5 மீட்டர். நன்கு நனைந்த மண்ணில் அதுவே 60 செ.மீ.தான்! கடப்பாரை பிடிப்பவருக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. ஈரக் களிமண் அலையை விழுங்கிவிடுவதும் உண்டு. அப்போது மின்வடம் திரையில் தோன்றாது, மண்ணுக்குள் இருக்கும். கையால் சோதனைக் குழி பறித்துப் பார்ப்பதைப் பற்றி அக்கட்டுரைகளில் ஒரு வரியும் இல்லை.