பிஸ்டலுக்கு எந்த எண்ணெய்?

சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் .22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டல் வைத்திருப்பவருக்குத் தேய்மானத்தைவிடப் பெரிய தொல்லை துரு. எண்ணெய் வாங்கக் கடைக்குப் போகும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். டப்பாக்களின் மேல் அச்சடித்திருப்பதெல்லாம் எவ்வளவு நன்றாக வழுக்கும் என்பதைப் பற்றித்தான். ஐப்பசி மழையில் பெட்டிக்குள் ஒரு வாரம் கிடக்கும் ஸ்லைடு என்ன ஆகும் என்பதை நாமேதான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதனால் துப்பாக்கியோடு நிறுத்தாமல், ஒரே இரும்புத் தகட்டை வெட்டிய துண்டுகளில் ஒவ்வோர் எண்ணெயையும் தடவி, மொட்டைமாடி ஓரம் மழைச்சாரல் படாத இடத்தில், கடற்காற்றுக்கு வைத்துப் பார்த்தேன். எண்ணெய் தடவாத துண்டு மறுநாள் காலையிலேயே செம்புள்ளி போட்டுவிட்டது.

முதலில் .22-இன் குணத்தைச் சொல்ல வேண்டும். இதன் குண்டு பெரும்பாலும் மேலுறை இல்லாத வெறும் ஈயம். அதன்மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருப்பார்கள். சுடும்போது கரி, ஈயத்தூள், மெழுகு மூன்றும் சேர்ந்து பிஸ்டலுக்குள் படிகிறது. அறுபது ஷாட் போட்டி முடிந்ததும் போல்ட்டைக் கழற்றி, எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் ஒரு பல்குச்சியை விட்டுப் பாருங்கள். கறுப்பு மெழுகாகச் சுருண்டு வரும். காலித் தோட்டா வெளியே வராமல் சிக்குவதற்குப் பெரும்பாலும் அந்த இடம்தான் காரணம். அங்கே மேலும் எண்ணெய் விட்டால் கரி குழைந்து சேறாகும். சுத்தம் செய்தல், வழுக்க வைத்தல், துருவிலிருந்து காத்தல் என்று மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒரே டப்பா மூன்றையும் ஒரே தரத்தில் செய்துவிடாது.

எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் டபிள்யூ.டி.-40-இலிருந்து தொடங்குகிறேன், நம் ஆட்கள் முதலில் கைவைப்பது அதில்தான். 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவான இது, பெயரிலேயே சொல்வதுபோல ஈரத்தை விரட்டச் செய்தது. 40 என்பது நாற்பதாவது முயற்சியைக் குறிக்கிறது. மழையில் நனைந்த துப்பாக்கிக்கு முதலுதவியாக இதை அடித்துத் துடைப்பது சரி. ஆனால் அதிலுள்ள கரைப்பான் சீக்கிரம் பறந்துவிடுகிறது, மிஞ்சும் படலம் மெல்லியது. என் தகடுகளில் எண்ணெய் தடவியவற்றுள் முதலில் துருப்பிடித்தது இதுதான். இதையே உயவு எண்ணெயாக நம்பி ஸ்லைடில் அடித்து மூடிவைப்பது தவறு.

தையல் மெஷின் எண்ணெயைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நிறமற்ற, மெல்லிய கனிம எண்ணெய். ரேஞ்சில் ஸ்லைடை நன்றாகவே ஓட்டுகிறது, விலையும் குறைவு. நிற்காமல் வழிந்து ஓடிவிடுவதுதான் குறை. இரண்டு நாளில் பெட்டியின் ஃபோமில் எண்ணெய்க் கறை இருக்கும், ஸ்லைடு தடம் காய்ந்திருக்கும். பயிற்சி முடிந்து அன்றே துடைத்து, அன்றே புதிதாகப் போடுபவருக்கு இது போதும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் பக்கம் போகவே வேண்டாம். முன்னது காறிப்போகும், ஊட்டிக் குளிரில் உறைந்தும்விடும்; பின்னது நாள்பட்டால் பிசினாகிவிடும்.

சி.எல்.பி. வகையில் நான் பயன்படுத்துவது பிரேக்-ஃப்ரீ. சுத்தம், உயவு, பாதுகாப்பு மூன்றும் ஒன்றில் வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் கேட்டதால் 1970-களின் பிற்பகுதியில் பிறந்த வகை இது. ரேஞ்ச் பைக்குள் ஒரே பாட்டில்தான் இடம் என்றால் இதைத்தான் வைப்பேன். கரியை இளக்குகிறது, இடத்தில் நிற்கிறது, தகட்டில் டபிள்யூ.டி.-40-ஐயும் தையல் மெஷின் எண்ணெயையும் தாண்டி நின்றது. குழலின் உள்ளே ஒட்டிய ஈயத்தைக் கிளப்ப மட்டும் இதற்கு வலு போதாது. அதற்கு 1903 முதல் விற்பனையில் இருக்கும் ஹாப்பீஸ் நம்பர் 9 போன்ற சால்வென்ட்டும் வெண்கல பிரஷ்ஷும் வேண்டும். ராடை முடிந்தவரை சேம்பர் பக்கமிருந்து விடுங்கள். குழல் முனை விளிம்பில் ராடு உரசி உரசித் தேய்ந்தால் குறி சிதறும். அதை எந்த எண்ணெயும் சரிசெய்யாது. சால்வென்ட் உயவு எண்ணெய் அல்ல, வேலை முடிந்ததும் முழுக்கத் துடைத்துவிட வேண்டும்.

பாலிஸ்டால் எனக்குப் பிடித்தது. ஜெர்மன் ராணுவத்துக்காக 1900-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. நீர் கலந்தால் பால்போல வெளுக்கும். லேசான காரத்தன்மை உள்ளது. நம் கைவியர்வையின் உப்பும் அமிலமும் கறுப்புப் பூச்சிட்ட எஃகில் விரல் ரேகையாகவே துருவைப் பதித்துவிடும் என்பதால் இந்தக் குணம் இங்கே உதவுகிறது. போட்டிப் பிஸ்டல்களின் வால்நட் மரக் கைப்பிடியில் பட்டாலும் கெடுதல் இல்லை. மணம் மட்டும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, அறை முழுக்க நிற்கும். நாள்கணக்கில் எடுக்காமல் வைக்கும் துப்பாக்கிக்கு என் முதல் தேர்வு இதுதான்.

.32 ரிவால்வர் உரிமம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். வாரக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும். ஒப்படைக்கும் முன் குழலின் உள்ளும் வெளியும் பாலிஸ்டாலோ சி.எல்.பி.யோ மெல்லிய படலமாகத் தடவுங்கள். திரும்ப வாங்கிய பிறகு, தோட்டா போடும் முன் குழலையும் சேம்பர்களையும் உலரத் துடையுங்கள். சேம்பரில் எண்ணெய் இருந்தால் தோட்டாவின் உறை சுவரைப் பற்றாமல் வழுக்கி, முழு அடியும் பின்பக்கம் விழும். எண்ணெய் ஊடுருவிய தோட்டா வெடிக்காமலும் போகலாம்.

கிரீஸ் ஸ்லைடு தடங்களுக்கு மட்டும், அதுவும் விரல்நுனியால் தேய்த்துப் பளபளப்பு தெரியும் அளவுக்கு. .22-இன் விசை குறைவு. தடித்த கிரீஸ் அப்பினால் ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காது. ஃபயரிங் பின் ஓடும் குழாயை உலர்ந்தே விடுங்கள். ட்ரிகர் பகுதிக்குத் தயாரிப்பாளரின் கையேடு சொல்லாத எதையும் ஊற்ற வேண்டாம்.

நம் ரைபிள் கிளப்புகளில் பிள்ளைகள் தொடங்குவது பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். மேலே சொன்ன எதையும் அதன் காற்றுப் பாதையிலும் சிலிண்டர் வாயிலும் விடக்கூடாது. உயர் அழுத்தக் காற்றில் பெட்ரோலிய எண்ணெய் தீப்பற்றும் ஆபத்து உண்டு, ரப்பர் வளையங்களும் ஊதிக் கெடும். வளையங்களுக்குக் கையேடு சொல்லும் சிலிக்கான் கிரீஸ் மட்டும். குழலுக்கு உலர்ந்த ஃபெல்ட் குண்டு.

என் தீர்ப்பு: பயிற்சி நாளுக்கு சி.எல்.பி., மாதமொரு முறை குழலுக்கு சால்வென்ட், எடுத்து வைக்கும்போது பாலிஸ்டால். எதுவானாலும் ஓரிடத்துக்கு ஒரு சொட்டு. விட்டபின் துணியால் ஒற்றி எடுங்கள். வெளியூர்ப் போட்டிக்கு விமானத்தில் போனால் ஸ்ப்ரே டப்பாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சுத்தம் செய்ய உட்காரும் முன் மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம். துடைத்த துணியெல்லாம் ஈயம்தான். குழந்தைகள் கைக்கு எட்டாமல் கட்டிப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே வேறெதையும் தொடுங்கள்.