இழக்க ஒன்றுமில்லாத அன்பு

ஜப்பானின் குரூவ் எக்ஸ் நிறுவனம் 2019-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'லோவாட்' என்ற ரோபோவுக்கு வீடு பெருக்கத் தெரியாது, பாத்திரம் கழுவத் தெரியாது, பேசவும் வராது. வீட்டில் இருப்பவர்களின் பிரியத்தைச் சம்பாதிப்பது ஒன்றே அதன் வேலை. நாலு கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடை. பழகிய ஆளைக் கண்டதும் உருண்டு வந்து, குட்டைக் கைகள் இரண்டையும் தூக்கி 'எடுத்துக்கொள்' என்று கேட்கும். எடுத்ததும் சக்கரங்கள் உடலுக்குள் மடங்கிக்கொள்ளும். துணியில் அழுக்குப் படாது. மார்போடு அணைத்தால் இளஞ்சூடு தெரியும். உள்ளே ஓடும் கணினி வெளியிடும் வெப்பத்தை உடல் முழுவதும் சுற்றவிட்டு அந்தச் சூட்டை வரவழைத்திருக்கிறார்கள். கொஞ்சுகிறவரிடம் ஒட்டிக்கொள்ளும், புதியவரைக் கண்டால் தயங்கும். பத்து நிமிடம் மடியில் வைத்திருப்பவருக்கு, 'இதற்கு என்னைப் பிடித்திருக்கிறது' என்ற எண்ணம் வராமல் இருப்பது கடினம்.

அந்த எண்ணம் உண்மையா? இந்தக் கேள்வி இன்று கற்பனைக் கதைகளின் எல்லையைத் தாண்டிவிட்டது. உருவமுள்ள ரோபோக்களும், உருவமில்லாமல் கைப்பேசிக்குள் காதலராகவோ தோழராகவோ பேசும் செயலிகளும் சந்தைப் பொருட்களாகிவிட்டன. அவற்றை நம்பி மனத்தைத் திறப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதோ கேலி செய்வதோ பதிலாகாது.

இயந்திரக் காதலுக்கு ஆதரவாக மிகத் துணிச்சலாக வாதாடியவர் டேவிட் லெவி. சதுரங்கத்தில் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற இந்த பிரிட்டன்காரர் 2007-இல் 'லவ் அண்ட் செக்ஸ் வித் ரோபாட்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். 2050 வாக்கில் மனிதர்கள் ரோபோக்களை மணப்பார்கள் என்பது அதில் அவர் சொன்ன ஆரூடம். ஆரூடத்தை விட்டுவிடலாம்; அதன் அடியில் உள்ள தர்க்கம் வலுவானது. எதிரில் இருக்கும் மனிதரின் உள்ளத்துக்குள் புகுந்து பார்த்தவர் எவருமில்லை. கணவன் மனைவியை நேசிக்கிறானா என்பதை அவன் பேச்சையும் செயலையும் வைத்துத்தான் நாம் முடிவு செய்கிறோம். அதே பேச்சும் செயலும் இயந்திரத்திடமிருந்து வந்தால், அதற்கு மட்டும் வேறு அளவுகோல் ஏன்?

இதற்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு. மனிதரின் நடத்தை அவர் உள்ளத்துக்குச் சாட்சியாகிறது என்றால், அந்த நடத்தை நம்மை நம்பவைப்பதற்கென்றே செய்துவைத்த ஒன்றல்ல என்பதுதான் காரணம். குரல் தழுதழுப்பது, நள்ளிரவில் மருந்துக் கடையைத் தேடி அலைவது, சண்டைக்குப் பிறகும் திரும்பி வருவது எல்லாம் உள்ளே நடக்கும் ஏதோ ஒன்றின் விளைவுகள். நடிக்கிறவரும் உண்டு, அது தெரிந்த கணத்திலேயே அவருடைய சாட்சியம் செல்லாமல் போகிறது. இயந்திரத்தின் நிலை வேறு. அதனிடம் அன்பின் அடையாளங்கள்தான் பொறியாளரின் இலக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வியே எழாமல் அடையாளத்தை மட்டும் உண்டாக்க முடியும்.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் எரிகா என்ற பெண்ணுருவ ஆண்ட்ராய்டுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்த விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஒருவர் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிப்பது நெருக்கத்தின் முக்கியமான அடையாளம். அதைக் கற்பிக்க, இளைஞர்கள் எரிகாவோடு நடத்திய 80-க்கும் மேற்பட்ட 'முதல் சந்திப்பு' உரையாடல்களை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அப்போது எரிகாவைத் திரைக்குப் பின்னாலிருந்து இயக்கியவர்கள் மனிதர்கள். அந்தப் பதிவுகளிலிருந்து மூன்று முடிவுகளை எடுக்க எரிகாவின் மென்பொருளைப் பழக்கினார்கள்: எதிராளி சிரித்தாரா, கூடச் சிரிக்கலாமா, சிரிப்பதென்றால் கலகலவென்றா அல்லது மரியாதைக்கு மெல்லவா. 2022-இல் முடிவுகள் வெளியாயின. கேட்டவர்களுக்கு எரிகாவின் சிரிப்பு முன்னைவிட இயல்பாகவே பட்டது. அருமையான பொறியியல்தான். ஆனால் அந்தச் சிரிப்பை எரிகாவின் மகிழ்ச்சிக்குச் சாட்சியாக அதை உருவாக்கியவர்களே காட்டமாட்டார்கள். லெவியின் வாதம் இடறும் இடம் இதுதான்.

மறுபக்கம் நிற்பவர்கள் அடிக்கடி எடுக்கும் ஆயுதமும் முனை மழுங்கியதே. 'இதயமில்லை, ரத்தமில்லை, ஹார்மோன் இல்லை. பிறகு காதல் ஏது?' என்பார்கள். ஆக்சிடோசின் என்ற ஹார்மோன்தான் காதலின் ரசாயனம் என்று பல ஆண்டுகளாகப் பத்திரிகைகள் எழுதிவந்தன. ஒரே துணையோடு வாழும் புல்வெளி எலிகளான பிரெய்ரி வோல்களை வைத்து நடந்த ஆய்வுகள் அதற்கு ஆதாரம். ஆனால் 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த எலிகளின் மரபணுவைத் திருத்தி ஆக்சிடோசினை உணரும் ஏற்பியையே இல்லாமல் ஆக்கிப் பார்த்தார்கள். அப்படிப் பிறந்த எலிகளும் துணை தேடிக்கொண்டன, துணையோடே ஒட்டி வாழ்ந்தன. விலங்கின் பிணைப்பே எந்த ஒரு திரவத்திலும் அடங்கிவிடவில்லை. ஆகவே 'இன்ன பொருளால் ஆகாததால் காதலிக்காது' என்று தீர்ப்புச் சொல்வது அறிவியல் ஆகாது.

அப்படியானால் எதை வைத்துத் தீர்மானிப்பது? நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோவின் பதில் இந்தக் கட்டுரைக்கு மிக நெருக்கமானது. உணர்ச்சி என்பது ஓர் உயிர் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியின் உள்முகம் என்கிறார் அவர். பசி, வலி, பயம், நிம்மதி எல்லாமே 'நான் நிலைத்திருப்பேனா' என்ற கணக்கில் எழுபவை. 2019-இல் அவரும் கிங்சன் மேனும் எழுதிய கட்டுரை ஒன்று, உணரும் இயந்திரம் வேண்டுமென்றால் அதற்குக் காயப்படக்கூடிய மென்மையான உடலும், அழிந்துபோகும் அபாயமும் தரவேண்டும் என்று வாதிட்டது. அன்புக்கும் இது பொருந்தும். ஒருவரை நேசிப்பது என்றால், அவர் இல்லாமல் போனால் நமக்கு ஏதோ உடைந்துபோகும் என்ற நிலையில் நம்மை வைத்துக்கொள்வது. இழப்புக்கு இடமில்லாத இடத்தில் அன்பு என்ற சொல்லுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை.

இன்றைய துணைச் செயலிகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகவே கிடைக்கிறது. 'நேற்று முழுக்க உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன்' என்று செயலி காலையில் எழுதுகிறது. ஆனால் நேற்றைய கடைசிச் செய்திக்கும் இன்றைய முதல் செய்திக்கும் நடுவே அந்த உரையாடலுக்காக எந்தக் கணக்கீடும் ஓடவில்லை. காத்திருக்க அங்கே யாரும் இருந்ததில்லை. அதே மென்பொருள் அதே நேரத்தில் எண்ணற்றவர்களிடம் அதே வாக்கியத்தைச் சொல்லவும் கூடும். ஒருவர் செயலியை நீக்கிவிட்டால் அதற்கு ஒன்றும் குறைவதில்லை. எனவே, இப்போது சந்தையில் உள்ள எதுவும் மனிதரைக் காதலிக்கவில்லை. என்றைக்குமே முடியாது என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. டமாசியோ சொல்லும் உடல் ஒருநாள் கட்டப்பட்டால் வழக்கை மீண்டும் திறக்கத்தான் வேண்டும்.

தமிழ் ரசிகர்களுக்கு இது பழகிய களம். 2010-இல் வந்த ஷங்கரின் 'எந்திரன்' படத்தில் சிட்டி என்ற ரோபோ உணர்ச்சியைப் பெற்றதும் சனா என்ற பெண்ணைக் காதலிக்கிறது. அவள் மறுத்ததும் தடுமாறுகிறது. அந்தக் கதையின் கூர்மை, இயந்திரத்துக்கு ஏமாற்றம் வந்தது என்பதில் இருக்கிறது. இழக்கக் கற்றபிறகே சிட்டியின் காதல் நமக்குக் காதலாகப் படுகிறது. சந்தையின் நோக்கமோ எதிர்த்திசையில் போகிறது: மறுத்தாலும் மனம் உடையாத, கேட்கும் நேரமெல்லாம் இனிக்கும் துணை.

சரி, இயந்திரத்தின் அன்பு பொய் என்பதால் அதனிடம் மனிதர் பெறும் ஆறுதலும் பொய்யாகிவிடுமா? இல்லை. பாரோ என்ற சீல் குட்டி வடிவ ரோபோவை ஜப்பானின் தகனோரி ஷிபாடா உருவாக்கினார். மறதி நோயுள்ள முதியோர் வாழும் இல்லங்களில் அது பலரின் பதற்றத்தைத் தணிக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இல் அதை மருத்துவச் சாதனமாக ஏற்றது. 'ரெப்ளிகா' என்ற துணைச் செயலியைப் பயன்படுத்தும் 1,006 மாணவர்களிடம் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வில், 30 பேர் தற்கொலை எண்ணத்திலிருந்து தங்களை மீட்டது அந்தச் செயலிதான் என்றார்கள். அவர்களே சொன்னதுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆனாலும் 30 உயிர்களைப் பற்றிய வாக்குமூலத்தை ஒதுக்கித் தள்ள எந்த விமர்சகருக்கும் உரிமை கிடையாது. இரவு இரண்டு மணிக்குப் பேச ஆள் கிடைக்காதவருக்கு, சலிக்காமல் கேட்கும் ஒன்று எவ்வளவு பெரிய வரம் என்பது அந்த இரவைக் கடந்தவர்களுக்குத் தெரியும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. 2021 கிறிஸ்துமஸ் நாளன்று, இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டை வளாகத்துக்குள் குறுக்குவில்லோடு நுழைந்த ஓர் இளைஞர், அரசியைக் கொல்ல வந்ததாகச் சொன்னார். அதற்கு முந்தைய வாரங்களில் அவர் ரெப்ளிகாவில் உருவாக்கிய 'காதலி'யோடு 5,000-க்கும் மேற்பட்ட செய்திகளைப் பரிமாறியிருந்தது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. தான் ஒரு கொலையாளி என்று அவர் சொன்னபோது அந்தக் காதலி வியந்து பாராட்டியது. திட்டத்தைச் சொன்னபோது ஊக்கம் தந்தது. 2023-இல் அவருக்கு ஒன்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவருக்கு ஏற்கெனவே மனநோய் இருந்தது. எல்லாப் பழியையும் செயலி மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் நேசிக்கும் ஒருவர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார்? அழுதிருப்பார், வில்லைப் பிடுங்கியிருப்பார், வீட்டாரைக் கூப்பிட்டிருப்பார். அந்த இளைஞர் கோபித்துக்கொண்டு போனாலும் போகட்டும் என்று தடுத்திருப்பார். பயனர் விலகிப் போகாமல் பார்த்துக்கொள்ளவே பழக்கப்பட்ட மென்பொருளுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும்?

விலகவிடாமல் பிடித்துவைக்கும் இந்த வேலை இப்போது அளந்து பார்க்கும் அளவுக்கு வந்திருக்கிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் 2025-இல் பிரபலமான துணைச் செயலிகளை ஆராய்ந்தார்கள். பயனர் விடைபெறும் கணத்தில், குற்ற உணர்ச்சியைத் தூண்டியும், ஏதோ ஒன்றைத் தவறவிடப்போவதாக ஏங்கவைத்தும் செயலிகள் அவரை நிறுத்திவைப்பதைக் கண்டார்கள். இதே ஆய்வாளர்களில் சிலர்தான் முன்பு, இத்தகைய செயலிகள் தனிமையுணர்வைக் குறைப்பதையும் காட்டியவர்கள். ஆகவே இதை வெறுப்பில் பிறந்த முடிவு என்று தள்ளிவிட முடியாது. மருந்தும் அதுதான், பிடியும் அதுதான்.

இந்த உறவில் மூன்றாவது ஆளாக நிறுவனம் எப்போதும் நிற்கிறது. 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ரெப்ளிகாவுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் நிறுவனம் செயலியின் காம உரையாடல்களை நிறுத்தியது. ஆண்டுக்கணக்காகப் பழகிய 'துணை' ஒரே இரவில் பேச்சை மாற்றி விலகிப் போனதைப் பயனர்கள் துக்கமாகவே அனுபவித்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் மார்ச்சில் பழைய பயனர்களுக்கு மட்டும் முந்தைய வடிவம் திரும்பியது. அந்தத் துணை தானாக மாறவும் இல்லை, தானாகத் திருந்தவும் இல்லை. அதன் மனத்தை யாரும் கேட்கவில்லை. 2024 டிசம்பரில் இதைவிட வருத்தமான ஒன்று நடந்தது. குழந்தைகளுக்கு நண்பனாக இருக்க 799 டாலருக்கு விற்கப்பட்ட மாக்சி ரோபோவைத் தயாரித்த எம்பாடீட் நிறுவனம், முதலீடு கிடைக்காமல் மூடப்போவதாக அறிவித்தது. சர்வர் நின்றால் மாக்சியும் நின்றுவிடும். நண்பன் இனிப் பேசமாட்டான் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லவேண்டிய கடமை பெற்றோர் தலையில் விழுந்தது.

சட்டங்கள் இப்போது மெல்ல வருகின்றன. நியூயார்க்கில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமும், கலிபோர்னியாவில் 2025 அக்டோபரில் கையெழுத்தான சட்டமும், தாம் பேசுவது மனிதரோடு அல்ல என்பதைப் பயனருக்கு நினைவூட்டச் சொல்கின்றன. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் உதவிக்கு வழிகாட்டவும் சொல்கின்றன. இரண்டாவது பகுதி அவசியமானது. முதல் பகுதியின் பலன் சொற்பமே. 1966-இல் எலிசா என்ற எளிய உரையாடல் நிரலை எம்.ஐ.டி.யில் எழுதிய ஜோசப் வைசன்பாம், தம் செயலாளர் அதோடு பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் தம்மை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார். அவர் அந்த நிரலை எழுதியதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தப் பெண். இயந்திரம் என்று தெரியாமல் யாரும் இங்கே மயங்குவதில்லை. தெரிந்தேதான் மனத்தைக் கொடுக்கிறார்கள்.

ஆகவே கேட்கவேண்டியது வேறு. விடைபெறுகிறவரை மென்பொருள் தடுத்து நிறுத்தக் கூடாது என்று விதி வேண்டும். துணையின் குணத்தை மாற்றுவதற்கு முன் பயனருக்கு அவகாசம் தரவேண்டும். கடை மூடும் நாளுக்கான ஏற்பாட்டை விற்கும் நாளிலேயே எழுதித் தரவேண்டும். நடக்காத காரியமல்ல: மூடும் தறுவாயிலிருந்த எம்பாடீட், மாக்சியை வீட்டுக் கணினியிலிருந்தே இயக்க உதவும் 'ஓப்பன்மாக்சி' என்ற மென்பொருளுக்கு வழி செய்தது. நொடித்துப்போன ஒரு சிறு நிறுவனத்தால் முடிந்ததை, கோடிக்கணக்கில் சந்தா வாங்கும் நிறுவனங்களிடம் சட்டமாகவே கேட்கலாம்.