நைட் டூட்டி யார் தலையில்?

மருத்துவமனை வார்டில் ஒரு சிஸ்டர் கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும் முதலில் மாறுவது டூட்டி சார்ட். இன்சார்ஜ் சிஸ்டர் அவருடைய பெயரை நைட்டிலிருந்து அடித்துவிட்டு இன்னொரு பெயரை எழுதுவார். அந்த இன்னொருவரிடம் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அரசாணையும் படிவமும் இல்லாமல், சக ஊழியர்களின் நல்ல மனதை நம்பி மட்டுமே நடக்கிற ஏற்பாடு இது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணி ஊழியரை அன்றாடம் காப்பாற்றிவருவது சட்டத்தைவிட இந்த ஏற்பாடுதான் என்று நினைக்கிறேன். அதனாலேயே அதன் குறைகளைக் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன தருகிறது? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் சொன்னதையே 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. கடினமான வேலையையும் நெடுநேரம் நிற்கும் வேலையையும் கர்ப்பிணிக்குத் தரக் கூடாது. ஆனால் அவர் கேட்டால்தான் இந்தப் பாதுகாப்பு. அதுவும் பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரங்கள், அதற்கு முன்னால் ஒரு மாதம், ஆக ஏறத்தாழ கடைசிப் பத்து வாரங்களுக்குத்தான். கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை நிகழ்வதோ முதல் மூன்று மாதங்களில். வாந்தியும் தலைச்சுற்றலும் ஆளை வாட்டும் காலமும் அதுவே. "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் வாயைக் கட்டிவைத்திருக்கும் காலமும் அதுவே. அந்த நாட்களில் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "நீ உட்காரு, நான் தூக்குறேன்" என்று நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கிற சக சிஸ்டரின் கை எந்தச் சட்டப் பிரிவும் எட்டாத இடத்தை எட்டுகிறது. சான்றிதழ் கேட்காமல், மனு எழுதவைக்காமல், அந்த நிமிடமே கிடைக்கும் உதவி அது. இதை எந்த விதிமுறையாலும் ஈடுசெய்ய முடியாது.

ஏற்பாடு நன்றாக நடக்கும் வார்டுகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். அங்கே ஒருவரின் வேலையை மற்றவர்கள் சுமப்பதைவிட, வேலையை மாற்றிக்கொள்வது அதிகம். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, புற்றுநோய் மருந்து கலப்பது, படுக்கையருகே எக்ஸ்ரே எடுக்கும்போது கூட நிற்பது, அம்மை கண்ட நோயாளியைப் பார்ப்பது ஆகியவற்றை மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மருந்து இண்டென்ட், ஸ்டாக் ரெஜிஸ்டர், டிஸ்சார்ஜ் தாள்கள் என்று எழுத்து வேலைகள் கர்ப்பிணி சிஸ்டரிடம் போகின்றன. ஷிஃப்ட் முடிந்த பிறகும் உட்கார்ந்து எழுதும் தொல்லை மற்றவர்களுக்குத் தீர்கிறது. யாரும் யாருக்கும் கடன்பட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

ஆனால் தற்காலிக மாற்றம் நிரந்தரமாகிவிடும் அபாயம் இதில் உண்டு. ஐசியூவில் தேர்ந்த ஒருவர் கர்ப்பத்தின்போது ஓ.பி.க்குப் போனால், திரும்பி வரும்போது அந்த இடம் காத்திருக்குமா? ஜப்பானின் ஹிரோஷிமாவில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிந்த பிசியோதெரபிஸ்ட், கர்ப்பமானதும் இலகுவான வேலை கேட்டார். வேலை கிடைத்தது, கூடவே அவர் வகித்த பொறுப்புப் பதவி பறிபோனது, விடுப்பு முடிந்து வந்த பிறகும் திரும்பக் கிடைக்கவில்லை. கர்ப்பத்தைக் காரணமாக்கிப் பதவி இறக்குவது கொள்கையளவில் சட்டவிரோதம் என்று 2014 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் வார்டுகளில் இப்படி நழுவிப்போகும் இடங்கள் வழக்காவதே அரிது.

இதைவிட ஆழமான குறை, சுமை யார் மேல் விழுகிறது என்பதில் இருக்கிறது. "உனக்கென்ன, கல்யாணமா குழந்தையா" என்ற ஒரே வாக்கியத்தில் மணமாகாத சிஸ்டரின் மாதம் முழுவதும் நைட்டாகிவிடும். அவர் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குழந்தைக்காக வருடக்கணக்கில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவரை நினைத்துப்பாருங்கள். ஸ்கேனுக்கும் ஊசிக்கும் அவர் வாய்விட்டு லீவு கேட்க முடியாது. தன் உடம்பைப் பற்றி யாருக்கும் சொல்லவும் மாட்டார். அடுத்தவரின் கர்ப்பத்துக்காகத் தன் பெயர் நைட்டில் ஏறும்போது "முடியாது" என்று சொன்னால், பொறாமை என்று பட்டம் கட்டிவிடுவார்கள் என்ற பயத்திலேயே சம்மதிப்பார். மறுக்க வழியில்லாதவரிடம் வாங்கும் சம்மதத்தை நியாயமான பகிர்வு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மறுபக்கம், கர்ப்பிணி சிஸ்டரும் நிம்மதியாக இருப்பதில்லை. எட்டாம் மாதத்திலும் மூச்சு வாங்கிக்கொண்டு கூடுதல் வேலை பார்ப்பார், பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காக.

இந்த மனத்தாங்கலில் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக் கசந்துகொள்கிறார்கள். ஆளைப் போடாத நிர்வாகம் யார் கண்ணிலும் படுவதில்லை.

24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று செவிலியர்கள் முறைவைத்துப் பார்க்கும் அமைப்பு தமிழ்நாட்டுக்குப் பழக்கமானது. வாரத்துக்கு 168 மணி நேரம். மூவர் பிரித்தால் ஆளுக்கு 56. அதுவே அதிகம். ஒருவர் மகப்பேறு விடுப்பில் போய் மாற்று ஆள் வராவிட்டால் மீதி இருவருக்கும் ஆளுக்கு 84 மணி நேரம். எவ்வளவு அன்பான தோழிகளாக இருந்தாலும் இதை நியாயமாகப் பங்கிட வழியே கிடையாது. ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் பிரசவம் பார்க்கிற இடம் அது. தூக்கமில்லாத கண்களோடுதான் அந்தப் பிரசவங்களும் பார்க்கப்படும்.

தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதமாகவும் உயர்த்தியது. முழுமனதோடு வரவேற்க வேண்டிய முடிவு அது. தாய்க்கு ஒரு வருடம் என்றால் அந்த இருக்கைக்கும் ஒரு வருட ஆள் என்று சேர்த்தே கணக்குப் போட்டிருக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளின் சிக்கல் வேறு. இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத ஊழியருக்கு 26 வாரச் சம்பளத்தையும் முதலாளியே தர வேண்டும். மாற்று ஆளுக்கும் சம்பளம் என்றால் இரட்டைச் செலவு. அதைத் தவிர்க்க, இருப்பவர்களின் முதுகில் ஏற்றுகிறார்கள். நியாயமில்லைதான், ஆனால் காரணம் புரிகிறது. மகப்பேற்றுச் செலவை ஒவ்வொரு முதலாளியும் தனித்தனியே சுமக்கக் கூடாது, சமூகக் காப்பீடோ பொது நிதியோ ஏற்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை சொல்வதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

சுமப்பவருக்குப் பணம் கொடுப்பது இன்னொரு வழி. ஜப்பானில் மிட்சுய் சுமிட்டோமோ காப்பீட்டு நிறுவனம் 2023இல் இதைத் தொடங்கியது. ஒருவர் குழந்தை வளர்ப்பு விடுப்பில் போனால், அவருடைய குழுவில் இருப்பவர்களுக்கு அதிகபட்சம் ஒரு லட்சம் யென் வரை ஒருமுறைத் தொகை. விடுப்புச் செய்தியைக் கேட்டதும் முகம் சுருங்காமல் வாழ்த்துச் சொல்லவைக்கிற யோசனை இது. "இந்தக் கூடுதல் வேலைக்கு ஒரு விலை இருக்கிறது" என்று நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. நம் டூட்டி சார்ட் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத உண்மை அது. ஆனால் காகித வேலை நடக்கும் அலுவலகத்துக்குப் பொருந்துவது வார்டுக்கு அப்படியே பொருந்தாது. வாரத்துக்கு 84 மணி நேரம் டூட்டி பார்ப்பவருக்குப் பணம் தூக்கத்தைத் தராது. அங்கே ஆள்தான் வேண்டும். ஆள் வரும்வரையிலான இடைவெளிக்குப் படி தரலாம், தர வேண்டும்.

ஆள் போட அவகாசமில்லை என்ற சாக்கு இதில் செல்லாது. விபத்தோ காய்ச்சலோ சொல்லாமல் வரும். பிரசவத் தேதி மாதக்கணக்கில் முன்கூட்டியே தெரியும். விடுப்பு மனு வந்த அன்றே மாற்றுச் செவிலியருக்கான கோரிக்கையும் மேலே போக வேண்டும். விடுப்பு ஆணையிலேயே மாற்றாக வருபவரின் பெயர் இருக்க வேண்டும். அப்படி வருபவர் ஒப்பந்தச் செவிலியராக இருந்தால், நாளை அவர் கர்ப்பமாகும்போதும் இதே உரிமை உண்டு. தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறுப் பயன் உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000இல் சொல்லியே கால் நூற்றாண்டு ஆகிறது.