புகழும் விடுதலும்: ‘உத்தம வில்லன்’ திரைப்படத்தில் அங்கதம்

1. தோற்றுவாய்

திருக்குறளின் அதிகார வைப்பு ஆழ்ந்து நோக்கற்குரியது. வள்ளுவர் இல்லறவியலின் ஈற்றில் ‘புகழ்’ என்னும் இருபத்து நான்காம் அதிகாரத்தை வைத்தார். அதனை அடுத்துத் துறவறவியல் தொடங்குகின்றது. அவ்வியலுள் ‘நிலையாமை’ 34ஆம் அதிகாரமாகவும் ‘துறவு’ 35ஆம் அதிகாரமாகவும் அமைகின்றன. இல்லறத்தான் எய்தும் முடிந்த பயன் புகழ்; அதற்கு அப்பாலுள்ளது துறவின் நெறி. புகழை எய்தியவன் அதனைப் பற்றி நிற்பதா, விட்டு நீங்குவதா என்னும் வினா இவ்வைப்பினுள்ளே அடங்கியிருக்கின்றது எனலாம்.

இவ்வினாவை ஒரு திரைப்படத்தின் மேல் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறை ஆய்விதழில் திரைப்படத்திற்கு என்ன இடம் என வினவுவார் உளராகலாம். கூத்தையும் நாடகத்தையும் முத்தமிழுள் ஒன்றாகக் கொண்ட நமக்கு, அவற்றின் வழிவந்த கலையை விலக்குதற்குக் காரணம் இல்லை. அன்றியும், இக்கட்டுரை எழுந்தது நூலகத்தில் அன்று, கடற்கரையில்.

2. ஆய்வு எழுந்த சூழல்

ஜெகதாப்பட்டினம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஊர். அண்மையிலுள்ள கோட்டைப்பட்டினத்தைப் போலவே விசைப்படகுகள் மிகுந்த துறை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அக்காலத்தில் படகுகள் கரையில் ஓய்ந்து நிற்க, மக்கள் கிழிந்த வலைகளைச் சீர்செய்துகொண்டிருப்பர். நெய்தல் நில மக்களின் பேச்சு வழக்குச் சொற்களைத் தொகுக்கும் பொருட்டு யாம் அத்தகைய நாள்களில் அங்குச் சென்றிருந்தோம்.

ஒருநாள் மாலை, வலைக்குவியலின் அருகே இளைஞர் சிலர் கைப்பேசியில் கமல்ஹாசனின் ‘உத்தம வில்லன்’ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். எமக்குச் சொற்கள் சொல்லிக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவரும் அவர்களோடு அமர்ந்து இறுதிவரை பார்த்தார். படம் முடிந்ததும் எம்மை நோக்கி, “செத்துப் போனாரு, சரி. எதை விட்டாரு சார்?” என்று கேட்டார். அப்பொழுது எம்மால் விடை கூற இயலவில்லை. அன்று காலையில்தான் அவரிடம் ‘விடு’ என்னும் வினையின் ஆட்சிகளை யாம் எழுதிக்கொண்டிருந்தோம். வலை விடுதல், படகு விடுதல், கயிற்றை விடுதல், உயிர் விடுதல் எனப் பலவற்றை அவர் அடுக்கிச் சொன்னார். ‘விடு’ என்பதே முதல் நீண்டு ‘வீடு’ எனத் தொழிற்பெயராவதும், அது நாற்பொருளுள் இறுதியானதைக் குறித்து நிற்பதும் மாணவர் அறிந்தனவே. ஆதலின் அவர் கேட்டது எளிய வினா அன்று.

3. படத்தின் பொருள்

‘உத்தம வில்லன்’ 2015 மே மாதம் வெளிவந்தது. கதையும் திரைக்கதையும் கமல்ஹாசனுடையவை. இயக்கியவர் ரமேஷ் அரவிந்த். மனோரஞ்சன் என்னும் புகழ்பெற்ற நடிகன் தன் மூளையில் கட்டி இருப்பதை அறிகின்றான். வாழ்நாள் குறுகியமையின், தன்னை உருவாக்கியவரும் இடையில் மனவேறுபாட்டால் பிரிந்தவருமான இயக்குநர் மார்க்கதரிசியிடம் சென்று, இறுதியாக ஒரு நகைச்சுவைப் படம் எடுத்துத் தருமாறு வேண்டுகின்றான். அவ்வாறு எடுக்கப்படும் உட்படத்தின் தலைவன் எட்டாம் நூற்றாண்டுக் கூத்தன் உத்தமன். சாவை வென்றவன் என உலகம் அவனைத் தவறாக நம்பிவிடுகின்றது. சாவா வரம் வேண்டும் முத்தரசன் என்னும் மன்னன் அவனைப் பற்றிக்கொள்கின்றான். சாவை வென்றதாக நம்பப்படும் கூத்தனாகச் சாகப்போகும் நடிகன் நடிக்கின்றான் என்பதே படத்தின் அடிப்படை முரண்.

நடிகனுக்கும் பாத்திரத்திற்கும் இடையிலுள்ள சுவர் இப்படத்தில் மெல்லியது. மனோரஞ்சனாக நடித்தவர் அறுபது வயது நிறைந்த பெருநடிகர். மார்க்கதரிசியாக நடித்த கே. பாலசந்தரே ‘அரங்கேற்றம்’ (1973) முதலாகக் கமல்ஹாசனை வளர்த்த ஆசிரியர். அவர் 2014 டிசம்பரில், படம் திரைக்கு வருமுன்னரே மறைந்தார். சாகின்ற மாணவனுக்காகத் திரையில் வருந்தும் ஆசிரியர், மெய்வாழ்வில் அம்மாணவனுக்கு முன்னரே சென்றுவிட்டார்.

மேலைநாட்டில் ஆவணப்படம் போலத் தோன்றி உண்மையில் புனைவாக அமையும் அங்கதப் படவகை ஒன்று உண்டு. ‘திஸ் இஸ் ஸ்பைனல் டாப்’ (1984) இல்லாத ஓர் இசைக்குழுவின் புகழை அவ்வாறு எள்ளி நகைத்தது. அண்மைக் காலத்தில் புகழ்பெற்ற பாடகரே தம்மைத் தாமாக நடித்துத் தம் புகழை எள்ளும் படங்களும் அவ்வகையில் எழுகின்றன. ‘உத்தம வில்லன்’ அவ்வகையின் புறவடிவை உடையது அன்று. ஆயினும் புகழ்பெற்றவன் தன்னைத் தானே எள்ளி, புகழை விடக் கற்கும் கதை என்னும் உட்பொருளால் அதற்கு மிக நெருங்கியது.

4. நகையும் அங்கதமும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்கள் கூறினார். எள்ளல் என்பது தான் பிறரை எள்ளுவதும் தான் பிறரால் எள்ளப்படுவதும் என இருவகையாகக் கொள்ளப்படும். தன்னைத் தானே எள்ளுதல் இவ்விரண்டும் ஓரிடத்தே கூடுதலாம். எள்ளுவோனும் எள்ளப்படுவோனும் ஒருவனே.

படம் இவ்வெள்ளலோடுதான் தொடங்குகின்றது. மனோரஞ்சன் நடித்த ‘வீர விளையாட்டு’ என்னும் படத்தின் முதற்காட்சிக்குக் கூட்டம் திரள்கின்றது. திரையில் முதுமையை மறைத்த நாயகன் இளம்பெண்ணோடு ஆடுகின்றான். இது தமிழ்த் திரையுலகின் வழக்கத்தை எள்ளியது. எள்ளியவரும் அவ்வழக்கத்தால் வாழ்ந்தவரே.

செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் இரண்டாக வகுக்கும். வெளிப்படையாகப் பழித்தல் முன்னது. பழியை மறைத்துக் கூறுதல் பின்னது. ஒளவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வார் போன்று, அதியமானின் போர்த்தொழிலை உயர்த்திக் கூறிய புறப்பாட்டு பின்னதற்குத் தக்க சான்று. அங்கே மேலே புகழ், உள்ளே பழி.

தன்னைத் தானே எள்ளும் நடிகனிடத்து இது தலைகீழாதல் கூடும். மேலே பழி, உள்ளே புகழ். ‘என்னையே எள்ளிக்கொள்ளும் பெருமை எனக்கு உண்டு’ என்னும் குறிப்பு அதில் தொக்கி நிற்கும். இதனைப் ‘புகழ்கரப்பு’ எனப் பெயரிடலாம். ‘வீர விளையாட்டு’ப் பகுதியில் இப்புகழ்கரப்பே மிகுதி என்பது எம் கருத்து. அங்கே நாம் நகைக்கின்றோம். ஆனால் நடிகர் எதனையும் இழக்கவில்லை.

5. நீங்குதலும் விடுதலும்

புகழ் ஒருவனை விட்டு நீங்குதல் வேறு; ஒருவன் புகழை விடுதல் வேறு. எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ (1944) சென்னையில் ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே ஆண்டின் இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் சிறைப்பட்டார். 1947இல் விடுதலை பெற்று வந்தபின் பழைய புகழ் திரும்பவில்லை, 1959இல் மறைந்தார். புதுக்கோட்டை மண் ஈன்ற பி. யு. சின்னப்பா ‘உத்தம புத்திரன்’ (1940) படத்தில் இரட்டை வேடத்தில் ஒளிர்ந்து, 1951இல் தம் முப்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். முன்னவரைப் புகழ் விட்டது; பின்னவரை வாழ்வு விட்டது. இருவரும் தாமாக விட்டவர் அல்லர்.

தானாக விட்டவனைத் தமிழ்த் திரை ஒருமுறை தெளிவாகக் காட்டியது. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் நாகேஷ் நடித்த ‘சர்வர் சுந்தரம்’ (1964) அது. உணவு விடுதியில் பரிமாறுபவன் திரைநட்சத்திரமாகின்றான். விரும்பிய பெண் அவனுக்குக் கிட்டவில்லை, தாயையும் இழக்கின்றான். இறுதியில் புகழைத் துறந்து பழைய தொழிலுக்கே திரும்புகின்றான். திரைப்படம் எடுக்கும் முறையையும் பாடல் பதிவையும் உள்ளே காட்டியமையால், ஆவணத்தின் சாயலும் அப்படத்திற்கு உண்டு. அதன் கதையை எழுதியவர் பாலசந்தர். ஐம்பதாண்டுகள் கழித்து அவரே, புகழை விடத் தவிக்கும் ஒரு நடிகனின் ஆசிரியராகத் திரையில் அமர்ந்தார் என்பதனை ஆய்வாளர் மறத்தல் ஆகாது.

சுந்தரத்தோடு ஒப்பிட, மனோரஞ்சன் புகழை விட்டான் எனக் கூற இயலாது. சாகுமுன் அவன் வேண்டியது மற்றும் ஒரு படம். மக்கள் தன்னைக் கண்டு நகைக்க வேண்டும் என்பதே அவனது இறுதி விருப்பம். அவன் மறைந்தபின்னும் திரையில் உத்தமன் வாழ்கின்றான். முத்தரசன் மருந்தாலும் மந்திரத்தாலும் தேடிய சாவா வரத்தை நடிகன் படச்சுருளால் தேடுகின்றான். அரசனின் வேட்கையை எள்ளும் படம் நடிகனின் வேட்கையைப் போற்றுகின்றது. இஃது இப்படத்தின் தலையாய குறை என்பது எம் துணிபு.

6. மனோரஞ்சன் விட்டது யாது?

எனின், அவன் எதனையும் விடவில்லையோ? அவ்வாறு முடிப்பதும் பிழையாம். இளமையில் அவன் நேசித்த யாமினி என்பாள் வழியாக மனோன்மணி என்னும் மகள் இருப்பது அவனுக்கு மறைக்கப்பட்டிருந்தது. அம்மறைப்பில் அவனுடைய மாமனார்க்கும் மேலாளன் சொக்குச் செட்டியார்க்கும் பங்குண்டு. மறைத்ததன் நோக்கம் நடிகனின் வாழ்வும் வாணிகமும் குலையாமை காத்தல். மனோரஞ்சனும் தன் பங்கிற்குப் பலவற்றை மறைத்தவனே. மனைவி வரலட்சுமி அறியாத உறவு ஒன்று அவனுக்கு உண்டு. நோயையும் முதலில் மறைக்கின்றான்.

படத்தின் பிற்பகுதியில் இம்மறைப்புகள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. மகனிடம் நோயைக் கூறுகின்றான், மகளின் சினத்தைத் தலைகுனிந்து ஏற்கின்றான், மனைவியின் முன் மனம் திறக்கின்றான், ஆசிரியர்முன் மாணவனாகின்றான். இக்காட்சிகளில் பெருநடிகர் பெரும்பாலும் கேட்பவராகவே இருக்கின்றார், பேசுபவர் பிறர். பாலசந்தரும் ஊர்வசியும் எம். எஸ். பாஸ்கரும் தோன்றும் இடங்களில் திரை அவர்களுக்கு உரியதாகின்றது. தான் நிற்கும் ஒளியைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்தல் நடிகனுக்கு இயன்ற துறவு எனக் கொள்ளின், இக்காட்சிகள் துறவுக் காட்சிகளே. அங்கத நெறியால் கூறின், புகழ்கரப்பாகத் தொடங்கிய படம் இங்குச் செம்பொருளாகின்றது. பழி வெளிப்பட நிற்கின்றது.

ஆதலின் முதியவர் வினாவிற்கு யாம் கண்ட விடை இது: மனோரஞ்சன் புகழை விடவில்லை, புகழின்பொருட்டு மறைத்து வைத்தவற்றை விட்டான். அது பாதி விடுதலை. ஆயினும் பொய்யாகாது.

7. பார்ப்போர் கடன்

இங்கு வேறொரு தடையும் எழும். சுந்தரம் புகழை விட்டது கதையுள். அக்கதை நாகேஷுக்குப் பெரும்புகழைத் தந்தது. பாத்திரம் விடலாம், படம் விடாது. புகழை விடுதல் பற்றிய எப்படமும் புகழை ஈட்டவே செய்யும். இவ்வெல்லையை மிக நுட்பமாக உணர்ந்தவர் சத்யஜித் ராய். அவருடைய ‘நாயக்’ (1966) என்னும் வங்கப் படத்தில், விருது பெறத் தில்லிக்குப் புகைவண்டியில் செல்லும் நடிகனாகப் பெருநடிகர் உத்தம் குமாரே நடித்தார். அந்நடிகன் தன் உள்ளத்து அச்சங்களை ஓர் இதழாசிரியையிடம் கூறிவிடுகின்றான். அவள் எழுதிய குறிப்புகளை இறுதியில் அவளே கிழித்துவிடுகின்றாள். நடிகனால் விட இயலாததை அவனைப் பார்த்தவள் விட்டாள். ஆகவே விடுதல் புகழுடையோன் ஒருவனது கடன் மட்டும் அன்று. அவனைப் புகழ்வோர் கடனுமாம். ‘உத்தம வில்லன்’ இக்கடனை நமக்கு நினைவூட்டவில்லை. இறுதிவரை நகைத்து ஆர்ப்பரிக்கவே நம்மை அழைக்கின்றது.

ஜெகதாப்பட்டினம் உள்ள இதே மாவட்டத்தில் ஆவுடையார்கோயில் இருக்கின்றது. மாணிக்கவாசகர் பாண்டியனின் அமைச்சுரிமையை விட்ட திருப்பெருந்துறை அதுவே என்பது மரபு. அக்கோயிற் கருவறையில் இலிங்கம் இல்லை. பீடமாகிய ஆவுடையார் மட்டுமே உண்டு. வழிபடுவோர் வெற்றிடத்தை வணங்கி மீள்கின்றனர். பீடத்தின்மேல் உருவம் இன்றியும் மனம் நிறைதல் கூடும் என்பதை அறிந்த மண்ணிலிருந்து நோக்குங்கால், உருவத்தை விடாத கலையின் குறை நன்கு விளங்குகின்றது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: புகழ்பெற்றோர் தம்மைத் தாமே எள்ளும் அங்கதம், பழிகரப்பின் மறுதலையாகிய புகழ்கரப்பாக மாறும் இயல்பினது. ‘உத்தம வில்லன்’ அவ்வியல்பில் தொடங்கி, மறைத்தவற்றை வெளிப்படுத்தும் அளவில் அதனைக் கடக்கின்றது. புகழ் வேட்கையை மட்டும் கடக்கவில்லை. அவ்வகையில் அதற்கு அரை நூற்றாண்டு முற்பட்ட ‘சர்வர் சுந்தரம்’ ஒருபடி மேம்பட்டது. கூத்து, வில்லுப்பாட்டு, இரணியன் நாடகம் ஆகியவற்றை இப்படம் ஆண்டுள்ள முறை தனியே ஆராயத்தக்கது. மாணவர் அதனை மேற்கொள்வாராக.

தடைக்காலம் முடிந்தபின் யாம் மீண்டும் அத்துறைக்குச் சென்றோம். முதியவரிடம் எம் விடையைக் கூறினோம். அவர் சிறிது எண்ணிப் பார்த்து, “அப்போ பாதி வலையத்தான் விட்டுருக்காரு” என்றார். ‘விடு’ என்னும் சொல்லுக்கு யாம் தொகுத்த ஆட்சிகளுள் இதனையும் சேர்த்துக்கொண்டோம்.