பொரிக்கும் சட்டியருகே ஓர் ஆசிரியர்

போன மாதம் வேலை முடிந்து வீடு திரும்ப, செயலியில் கார் அழைத்தேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தேன். ஆறாம் ஆண்டில் எனக்குக் கணிதம் போதித்தவர்.

“ஏழு ஏ எடுத்த பையன்தானே நீ? இப்ப எங்க வேல?”

“இன்ஜினியர் சார்.”

“நான்தான் அப்பவே உங்கம்மாகிட்ட சொன்னேன்ல!”

ஆறு மாத ஒப்பந்தத்தில் இருப்பதையும், விலைப்பட்டியல் தயாரிப்பதுதான் என் வேலை என்பதையும் நான் சொல்லவில்லை. நீங்கள் ஏன் கார் ஓட்டுகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. “ரிட்டையராயாச்சு, பொழுது போகணுமே” என்று அவரே சொன்னார். இறங்கிய பிறகு செயலி வழியாகக் கொஞ்சம் கூடுதலாகப் பணம் அனுப்பினேன். கையில் கொடுத்தால் வாங்கியிருக்க மாட்டார்.

அன்றிரவு யசுஜிரோ ஓசுவின் இரண்டு படங்கள் நினைவுக்கு வந்தன. இரண்டிலும் மாணவர்கள் பல வருடம் கழித்துத் தங்கள் ஆசிரியரைச் சந்திக்கிறார்கள். இரண்டிலும் அந்த ஆசிரியர் ஒரு சிறிய சாப்பாட்டுக்கடை நடத்துகிறார்.

நம் சிறுகதைகளில் இந்தச் சந்திப்பு எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். மாணவன் மருத்துவராகி இருப்பான், ஆசிரியர் நோயாளியாக வருவார். அவன் காலைத் தொட்டுக் கும்பிடுவான், கட்டணம் வாங்க மாட்டான். கடன் தீர்ந்தது, கதையும் முடிந்தது. ஓசுவிடம் இந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

‘தி ஒன்லி சன்’ (1936) ஓசுவின் முதல் பேசும் படம். 1923இல் ஒரு மலைநாட்டு ஊர். பட்டு ஆலையில் வேலை செய்யும் விதவைத் தாய். பையனை மேலே படிக்க வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டு, பாராட்ட ஆசிரியர் ஓகுபோ வீட்டுக்கு வருகிறார். அது பையன் சொன்ன பொய். தாய் அவனை அடிக்கிறாள், பிறகு படிக்கவும் அனுப்புகிறாள். வீடும் மல்பெரித் தோட்டமும் கையைவிட்டுப் போகின்றன. பல வருடம் கழித்து மகனைப் பார்க்க தோக்கியோ வருகிறாள். அவன் இரவுப்பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிறான். தானும் முன்னேற வேண்டும் என்று தோக்கியோவுக்கு வந்த ஓகுபோ, பன்றி இறைச்சி பொரித்து விற்கிறார்.

மூவரும் சந்திக்கும் காட்சியில் யாரும் யாருக்கும் எதையும் தர முடியாது. ஆசிரியருக்கு உதவ மாணவனிடம் பணம் இல்லை. மாணவனுக்குச் சொல்ல ஆசிரியரிடம் அறிவுரை இல்லை. அதனாலேயே அவர்கள் சமமாக உட்கார முடிகிறது. ஆனால் ஓசு அங்கே நிறுத்துவதில்லை. பின்னொரு காட்சியில், அவ்வளவு கனவோடு வந்த சாரே இன்று இறைச்சி பொரிக்கிறாரே என்று மகன் தாயிடம் வாதாடுகிறான். ஆசிரியரின் தோல்வி மாணவனுக்குச் சாக்காகிவிட்டது. தாய் அதை ஏற்கவில்லை. படத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் இதுதான்.

‘ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன்’ (1962) ஓசுவின் கடைசிப் படம். இங்கே மாணவர்கள் வசதியானவர்கள். சீனச் செவ்வியல் கற்பித்த பழைய ஆசிரியர் சகுமாவை விருந்துக்கு அழைக்கிறார்கள். ஒரு மீனைச் சுவைத்துவிட்டு இது என்ன என்று கேட்கிறார். பெயரைச் சொன்னதும் அதற்குரிய எழுத்து எப்படி அமையும் என்று விளக்குகிறார். எழுத்து தெரிகிறது, ருசி தெரியவில்லை. போதையில் அவரை வீட்டில் கொண்டுபோய் விடும்போதுதான் அவர் நூடல்ஸ் கடை நடத்துவது மாணவர்களுக்குத் தெரிகிறது. பிறகு பணம் திரட்டிக் கொடுக்கிறார்கள்.

இந்தப் படத்தில் எனக்கொரு குறை உண்டு. மகளைக் கல்யாணம் செய்து கொடுக்காமல் தன்னோடு வைத்துக்கொண்டது தவறு என்று சகுமா புலம்புகிறார். அதைக் கேட்டு மாணவர் ஹிராயாமா தன் மகளின் கல்யாணத்தில் இறங்குகிறார். அதன் பிறகு சகுமா படத்துக்குத் தேவைப்படுவதில்லை. எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டுக் கடந்துபோவதுபோல அவரைக் கடந்துபோகிறோம். அந்தப் பணமும் மரியாதையாகக் கடந்துபோவதற்கான ஒரு வழிதான்.

ஒரு விஷயத்தைப் பிறகுதான் கவனித்தேன். 1936இல் ஓகுபோவாக நடித்த அதே சிஷு ரியுதான் 1962இல் ஹிராயாமா. இறைச்சி பொரித்த ஆசிரியரின் முகமே இருபத்தாறு வருடம் கழித்து, பணத்தோடு நூடல்ஸ் கடைக்கு வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், யார் ஆசிரியர் யார் மாணவர் என்பதே குழம்பிவிடுகிறது.

1962 படம் தொழில்நுட்பத்தில் முழுமையானது. ஆனாலும் நான் 1936 படத்தின் பக்கம்தான் நிற்பேன். அதில் ஆசிரியரும் மாணவனும் தங்கள் உண்மை நிலையை ஒருவருக்கொருவர் மறைக்கவில்லை.

நான் மறைத்தேன். என் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால், சாரும் பொழுதுபோக்கு என்ற பதிலைத் தாண்டி ஏதாவது சொல்லியிருப்பார். அல்லது, “பரவால்ல தம்பி, கணக்கைத் திரும்பப் போடு” என்று திட்டியிருப்பார். எதற்கும் நான் இடம் கொடுக்கவில்லை. ஐந்து வெள்ளி அனுப்பிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.